வியாழன் வரை வர மாட்டார்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. இங்கிலாந்தின் லெஸ்டர் குளிரில், வீட்டைச் சூடாக்கும் பாய்லர் ஓடாமல் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தவனை நினைத்துச் சிரிப்பது பாவம்தான். சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

பாய்லர் ரிப்பேர்காரர் எப்போது வருவார் என்று கேட்டதற்கு அந்தக் கம்பெனிக்காரர்கள் போனில் சொன்னது, "ஹி வோண்ட் பி இன் யுவர் ஏரியா அன்டில் தர்ஸ்டே". வியாழன் வரை வர மாட்டார், அப்படியென்றால் வெள்ளிதான் என்று நீ கணக்குப் போட்டு, வியாழக்கிழமை பேரனைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போய்விட்டாய். அந்த மனிதர் சொன்னபடி வந்து, மணியடித்துப் பார்த்து, கதவிடுக்கில் ஒரு அட்டையைச் செருகிவிட்டுப் போய்விட்டார். உன் மருமகள் இன்னும் சொல்லிக்காட்டுகிறாளா?

"முப்பது வருஷம் ஆபீசில் இங்கிலீஷில் ஃபைல் எழுதியவன் இதில் போய் விழுந்தேனே" என்று புலம்பியிருந்தாய். இங்கிலீஷ் உனக்குத் தெரியாமல் இல்லை. காதில் விழுந்ததை மனசு தமிழில் கணக்குப் போட்டுவிட்டது, அவ்வளவுதான். நம் ஊரில் "வியாழன் வரை கடை இல்லை" என்று போர்டு தொங்கினால் வியாழனும் கடை இல்லை, வெள்ளிக்கிழமைதான் போவோம். 'வோண்ட்' கூட 'அன்டில்' சேர்ந்தால் கதை வேறு. வியாழன் பிறந்ததுமே அந்த 'இல்லை' செத்துப்போகிறது. அதைத் தமிழில் சொல்வதென்றால் 'மாட்டார்' என்பதையே தூக்கி எறிந்துவிட்டு "வியாழக்கிழமைதான் வருவார்" என்று சொல்ல வேண்டும். அவர்கள் எதிர்மறையில் சொல்வதை நாம் ஒரு 'தான்' போட்டு நேராகச் சொல்லிவிடுகிறோம்.

அதே இடத்தில் 'பை' வந்திருந்தால் உன் பூங்கா தப்பித்திருக்கும். "இட் வோண்ட் பி ரெடி பை தர்ஸ்டே" என்றால் வியாழனுக்குள் முடியாது, அதற்கப்புறம் என்றைக்கோ. "வோண்ட் பி ரெடி அன்டில் தர்ஸ்டே" என்றால் வியாழன் போய் வாங்கிக்கொள்ளலாம். வினை மாறவில்லை, கிழமையும் மாறவில்லை. நடுவில் இருக்கும் குட்டிச் சொல்தான் உன்னை இரண்டு நாள் குளிரில் போட்டது.

எட்டாம் வகுப்பில் 'வில் நாட்' எப்படி 'வோண்ட்' ஆகும், 'வில்லண்ட்' என்றுதானே வர வேண்டும் என்று கேட்டு நான் வாங்கிய குட்டு ஞாபகம் இருக்கிறதா? இப்போது பதில் வைத்திருக்கிறேன். இடைக்கால இங்கிலீஷில் 'வில்' என்பதை 'வோல்' என்றும் சொல்லியிருக்கிறார்கள். 'வோல் நாட்' தேய்ந்ததுதான் 'வோண்ட்'. தாய்ச்சொல் போய்விட்டது, பிள்ளை நிற்கிறது. 'ஐ'க்கு 'ஷல்', 'யூ'வுக்கு 'வில்' என்று நம்மைப் பாடாய்ப் படுத்திய விதி, ஜான் வாலிஸ் என்ற கணிதப் பேராசிரியர் 1653இல் எழுதிய இலக்கணத்தில் இருக்கிறது. இங்கிலீஷுக்கு இலக்கணம், எழுதியது லத்தீனில்! இன்றைக்கு உன் பேரனிடம் போய் 'ஐ ஷாண்ட்' ('ஷல் நாட்'டின் சுருக்கம்) என்று சொல்லிப் பார், பழைய படத்தில் பேசுகிற தாத்தா என்று நினைப்பான்.

ஆனால் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. 'வில்' என்ற சொல்லுக்கு ஆதியில் விருப்பம் என்றுதான் பொருள். எதிர்காலம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பழைய வாசனை 'வோண்ட்'டில் இன்னும் போகவில்லை. "த கார் வோண்ட் ஸ்டார்ட்" என்றால் நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்லவில்லை. இப்போது, இங்கே, அது அடம்பிடிக்கிறது. இன்று காலை என் ஸ்கூட்டரை இருபது தடவை உதைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து "என்ன சார்?" என்றார். "ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. மாட்டேன் என்கிறது! உயிரில்லாத வண்டி 'மாட்டேன்' என்று தன் வாயாலேயே சொல்வதாக நாம் தினமும் பேசிக்கொண்டிருக்கிறோம். இங்கிலீஷ்காரன் ஒரு சொல்லில் முடிப்பதை நாம் வண்டிக்கு வாய் வைத்துச் சொல்கிறோம்.

'வோண்ட்' பக்கத்தில் வினையடை, அதாவது 'ப்ராபப்ளி', 'ஸ்டில்' மாதிரி அட்வெர்ப், எங்கே உட்கார்கிறது என்பது தனிக் கூத்து. வருவதாக இருந்தால் "ஐ வில் ப்ராபப்ளி கம்", 'வில்'லுக்குப் பின்னால். வராமல் போவதாக இருந்தால் "ஐ ப்ராபப்ளி வோண்ட் கம்", ஓடிப்போய் முன்னால் நின்றுகொள்கிறது. ஏனென்று யோசித்தேன். அந்த 'அநேகமாக' மறுப்பையும் சேர்த்து மூடவேண்டும். 'வோண்ட்'டுக்குள்ளேதான் மறுப்பு ஒட்டிக்கிடக்கிறதே, அப்போது வெளியே நின்றால்தானே மூட முடியும்? 'ஸ்டில்' இன்னும் மோசம். "ஹி ஸ்டில் வோண்ட் ஈட்" என்றால் எவ்வளவு கெஞ்சியும் இன்னும் சாப்பிட மாட்டேன் என்கிறான். "ஹி வோண்ட் ஸ்டில் பி ஈட்டிங்" என்றால் நாம் போய்ச் சேரும் நேரத்துக்குச் சாப்பிட்டு முடித்திருப்பான். அடுத்த முறை ஊசி போட்டுக்கொள்ளும்போது நர்ஸ் சொல்வதைக் கவனி. "ரியலி வோண்ட் ஹர்ட்" என்றால் சத்தியமாக வலிக்காது. "வோண்ட் ரியலி ஹர்ட்" என்றால் பெரிதாக வலிக்காது, அதாவது கொஞ்சம் வலிக்கும். பல்லைக் கடித்துக்கொள்.

'கிவ் அப்', 'கிவ் இன்' குழப்பத்தையும் கேட்டிருந்தாய். இதற்கு நம்மிடமே சாவி இருக்கிறது. 'வோண்ட் கிவ் அப்' என்றால் விட்டுவிட மாட்டேன். 'வோண்ட் கிவ் இன்' என்றால் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர்கள் 'கிவ்' பின்னால் ஒரு குட்டிச் சொல்லை மாற்றுகிறார்கள். நாம் 'விட்டு' பின்னால் ஒரு வினையை மாற்றுகிறோம். ஒரே ஒரு இடம் மட்டும் பார்த்துக்கொள்: 'இட்' வந்தால் நடுவில்தான் உட்கார வேண்டும். "ஐ வோண்ட் கிவ் இட் அப்". கடைசியில் போட்டால் காது கூசும்.

'புட் அப் வித்' (பொறுத்துக்கொள்வது) என்று மூன்று சேர்ந்து வந்தால் பிரிக்கவே கூடாது. 'வித்', 'இன்' மாதிரி முன்னிடைச்சொல்லில் (ப்ரிபொசிஷன்) வாக்கியம் முடியக்கூடாது என்று ஒரு காலத்தில் வாத்தியார்கள் பிடிவாதம் பிடித்தார்கள், 1672இல் கவிஞர் டிரைடன் கிளப்பிய வம்பு. அதைக் கிண்டல் செய்யத்தான் "அப் வித் விச் ஐ வில் நாட் புட்" என்ற கோணல் வாக்கியம் பிறந்தது. இதைச் சர்ச்சில் தலையில் கட்டிவிட்டார்கள். அவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லை, ஆனால் யார் சொல்லியிருந்தாலும் பேர்வழி கில்லாடி.

இங்கே மழை விட்டுவிட்டது. முழங்கால் வலி பரவாயில்லை. ஸ்கூட்டரை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போய் விட்டேன். "சனிக்கிழமை வரைக்கும் கேக்காதீங்க சார்" என்றான். அது உன் ஊர்க் கணக்கா நம் ஊர்க் கணக்கா என்று கேட்க மறந்துவிட்டேன். சனிக்கிழமை காலையிலேயே போய் நின்று பார்க்கிறேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்