மழை பெய்தால் இருண்டுபோகும் எங்கள் மலைக்கிராமத்துக்கு பேட்டரியுடன் சூரிய விளக்கு கேட்டு மனு

அனுப்புநர்
செயலாளர், மகளிர் சுய உதவிக் குழு
(ஊர்ப் பொதுமக்கள் சார்பில்),
நாகலூர் வழி மலைக்கிராமம்,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சேலம்.

பொருள்: மலைக்கிராம வீடுகளுக்கு பேட்டரியுடன் கூடிய சிறிய சூரிய மின் அமைப்பு, வயரிங் பழுதுபார்ப்பு, எல்.இ.டி விளக்குகள் ஆகியவற்றை அரசுச் செலவில் அமைத்துத் தர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊரில் 38 வீடுகள். எல்லோரும் இந்த மலையிலேயே வாழும் ‘மலையாளி’ என்ற பழங்குடியினர். பெரும்பாலோருக்கு காபி எஸ்டேட்டில் தினக்கூலி வேலை. சிலருக்கு மட்டும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் நிலத்தில் காபியும் மிளகும் இருக்கின்றன. 38 வீட்டிலும் மீட்டர் உண்டு, கம்பி உண்டு. கரண்ட் வராத ஊர் என்று சொல்லி இந்த மனுவை எழுதவில்லை. மழை பெய்தால் கரண்ட் தங்காத ஊர் என்பதற்காக எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் சோலார் திட்டம் பற்றி விசாரிக்க நானும் குழுவைச் சேர்ந்த இரண்டு அக்காக்களும் கீழே இறங்கி வந்தோம். எங்களிடம் பொறுமையாகப் பேசிய ஒரு அலுவலர் மின் கணக்கு அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு பில்லே வர்றதில்லையேம்மா, அப்புறம் சோலார் எதுக்கு?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். எங்கள் வீடுகளில் இருப்பது மூன்று பல்பு, ஒரு டிவி, ஒரு மிக்சி, இரண்டு போன். குளிர் ஊர் என்பதால் ஃபேன்கூடப் பல வீட்டில் கிடையாது. 100 யூனிட்டை நாங்கள் தாண்டுவதே அபூர்வம். ஆனால் அந்தக் கேள்விக்கு அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. ஊருக்குத் திரும்பும் பேருந்தில்தான் பதில் தோன்றியது. அதைத்தான் இப்போது எழுத்தில் தருகிறேன்.

எங்கள் மின்கம்பி வரும் வழி முழுவதும் எஸ்டேட் நிழல் மரங்கள், முக்கால்வாசி சில்வர் ஓக். நெட்டையாக வளர்ந்து, பலத்த காற்றடித்தால் முறிந்து கம்பிமேல் விழும். மே மாத இடிமழையில் தொடங்கினால் டிசம்பர் வரை இதே கதைதான். 2024 ஜூன் முதல் டிசம்பர் வரை கரண்ட் இல்லாத இரவுகளைக் குழுவின் நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறோம். மொத்தம் 41 இரவுகள். நகலை இணைத்திருக்கிறேன். இதற்காக லைன்மேன்களைக் குறை சொன்னால் பாவம். கொட்டுகிற மழையில், அட்டை கடிக்க, மரத்தை அறுத்துத் தள்ளிவிட்டு கம்பத்தில் ஏறுகிறவர்களை நாங்கள் நேரில் பார்க்கிறோம். நீளமான லைன், கொஞ்சம் ஆட்கள், அடர்ந்த மரம். அவர்களாலும் ஒரு அளவுக்குத்தான் முடியும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை வந்தபோது ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது தங்களுக்குத் தெரியும். அப்போது எங்கள் ஊர் நாலு இரவு இருட்டில் கிடந்தது. இரண்டாம் நாள் காலைக்குள் எல்லா போனும் அணைந்துவிட்டன. அந்த மூன்றாம் இரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தது. 108-ஐக் கூப்பிட ஊரில் உயிரோடு ஒரு போன் இல்லை. பையன்கள் இரண்டு பேர் டார்ச் அடித்துக்கொண்டு எஸ்டேட் பங்களா வரை ஓடிப்போய், அங்கே ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டு, பேசிவிட்டு வந்தார்கள். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம் அவளுடைய மாமியார் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதை மறக்க முடியவில்லை.

இன்னொன்று காட்டுமாடு. இப்போதெல்லாம் அவை எஸ்டேட்டுக்குள் மட்டும் நிற்பதில்லை, வீட்டு வாசலுக்கே வருகின்றன. எங்கள் வீடுகளில் கழிப்பறை வெளியே இருக்கிறது. வாசலில் ஒரு பல்பு எரிந்தால் மாடு நிற்பது கண்ணுக்குத் தெரியும். இருட்டில் தெரியாது. அதனால் கரண்ட் இல்லாத இரவில் பெண்களும் பிள்ளைகளும் விடியும்வரை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். முன்பு ரேஷன் மண்ணெண்ணெயில் சிம்னி விளக்காவது எரிந்தது. இப்போது எங்களுக்கு மண்ணெண்ணெய் கிடைப்பதும் அரிதாகிவிட்டது.

ஆகவே, பில்லைக் குறைக்க எங்களுக்கு சோலார் தேவையில்லை. கம்பி அறுந்த இரவில் மூன்று பல்பும் ஒரு போனும் எரிய வேண்டும், அதற்குத்தான் தேவை.

பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டத்தை நாங்கள் படித்துப் பார்த்தோம். 2024 பிப்ரவரியில் தொடங்கியது. 75,021 கோடி ரூபாயில் நாடு முழுவதும் 1 கோடி வீடுகளுக்குக் கூரை சோலார். 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். நல்ல திட்டம். மாதம் 300 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு அது வரம். ஆனால் எங்கள் ஊரின் கதவு வழியாக அது உள்ளே வரமுடியவில்லை. முதலில் முழுப் பணத்தையும் நாம் கட்டி, பேனல் போட்டு, சோதனை முடிந்த பிறகுதான் மானியம் வங்கிக்கு வரும். அடமானம் இல்லாத கடன் உண்டு, சரி. ஆனால் பழம் எடுக்கும் நான்கு மாதம் போனால் வேலை குறைந்துவிடும் கூலிக் குடும்பம், பில்லே வராத வீட்டுக்காக எதை நம்பிக் கடன் வாங்கும்? அப்புறம் கூரை. 1 கிலோவாட் பேனலுக்குச் சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். எங்கள் ஊரில் பாதி ஷீட் வீடு, பாதி ஓட்டு வீடு, அதிலும் பலவற்றின்மேல் மர நிழல்.

இதையெல்லாம் தாண்டி அடிப்படையான ஒரு சிக்கல் இருக்கிறது. கம்பியோடு இணைத்த சாதாரண சோலார், கம்பியில் கரண்ட் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிறவர்மேல் கரண்ட் பாயக்கூடாது என்பதற்காக இன்வெர்ட்டரே அணைந்துவிடுகிறது. பாதுகாப்புக்கு அது அவசியம்தான். ஆனால் பேட்டரி இல்லாவிட்டால் புயல் இரவில் எங்கள் கூரைமேல் இருக்கும் பேனலால் எங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. பேட்டரிக்கோ அந்தத் திட்டத்தில் மானியம் கிடையாது.

அதே திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு மாதிரி சூரிய கிராமம் தேர்ந்தெடுத்து 1 கோடி ரூபாய் தருகிறார்கள். அதற்கு 5,000 பேருக்குமேல் இருக்கும் ஊராக இருக்க வேண்டும். எங்கள் ஊரில் 200 பேர்கூட இல்லை. மின்கம்பி போகாத பழங்குடி வீடுகளுக்குத் தனியாகப் பேட்டரியோடு சூரிய விளக்குத் திட்டம் இருக்கிறது. எங்களுக்குக் கம்பி இருப்பதால் அதிலும் இடமில்லை. கம்பி இல்லாதவர்களுக்கு ஒரு திட்டம், பில் கட்டுகிறவர்களுக்கு ஒரு திட்டம். சேர்வராயன் மலையில் எங்களைப்போல நடுவில் மாட்டிக்கொண்ட ஊர்கள் இன்னும் இருக்கின்றன.

நாங்கள் கேட்பது பெரியது இல்லை. எங்கள் ஊரில் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்த பையன் ஒருவன் இருக்கிறான். அவன் போட்டுக் காட்டிய கணக்கு இது: 9 வாட் எல்.இ.டி பல்பு மூன்று, ஐந்து மணி நேரம் எரிந்தால் 135 வாட்-மணி (1,000 வாட்-மணி ஒரு யூனிட்). போன் சார்ஜும் சேர்த்தால் கால் யூனிட்டுக்குள் ஒரு இரவு முடிந்துவிடும். பனிமூட்ட நாளில் பேனல் சரியாக வேலை செய்யாது என்பது எங்களுக்குத் தெரியும், வாரக்கணக்கில் வெயிலையே பார்க்காத ஊர் இது. அதனால் பேனலைச் சற்றுத் தாராளமாக, 200 வாட் அளவில் வைத்து, இரண்டு மூன்று இரவு தாங்கும் லித்தியம் பேட்டரி கொடுத்தால் போதும். கம்பியில் கரண்ட் இருக்கும்போது அதிலிருந்தும் பேட்டரி சார்ஜ் ஆகும்படி இருக்க வேண்டும்.

பேட்டரியைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்பு அரசு கட்டித் தந்த வீடுகள் சிலவற்றில் சூரிய விளக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். முதல் இரண்டு வருடம் ஜோராக எரிந்தது. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை, பார்க்கவும் ஆள் வரவில்லை. இப்போது பேனல் கூரையில் பாசி பிடித்துக் கிடக்கிறது, பேட்டரிப் பெட்டியில் கோழி அடைகாக்கிறது. மறுபடியும் அப்படி ஆகக்கூடாது. ஆகவே பொருளைக் கொடுப்பதோடு ஐந்து வருடப் பராமரிப்பும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். எங்கள் குழுவில் இரண்டு பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து ஒரு டூல் பெட்டி கொடுத்தால், ஃபியூஸ் மாற்றுவது, பேனல் துடைப்பது, முனை இறுக்குவது எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்வோம். வீட்டுக்கு மாதம் 30 ரூபாய் பராமரிப்பு நிதியாகச் சேர்க்கத் தீர்மானம் போட்டுவிட்டோம். அந்த நகலும் இணைப்பில் இருக்கிறது.

பேனல் வைக்கும் முன் வயரிங்கைப் பார்க்க வேண்டும். பல வீட்டில் 20 வருடத்துக்கு முன் இழுத்த வயர், எர்த் கிடையாது, ஈரச் சுவரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எதை மாட்டினாலும் வீண். கூடவே அங்கன்வாடி கான்கிரீட் கூரையில் கொஞ்சம் பெரிய அமைப்பாக ஒன்று வைத்தால் ஊருக்கே போன் சார்ஜ் போடவும், மழைக்கால இரவில் கூடி இருக்கவும் ஒரு வெளிச்சமான இடம் கிடைக்கும். அங்கே மரநிழல் இல்லை.

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி வரும். மின் வாரியமோ மாநில அரசு குறிக்கும் அமைப்போ வீடுகளின் சார்பில் தானே சோலார் நிறுவித் தரும் முறைக்கு மத்திய அரசின் வழிகாட்டுதலில் இடம் இருக்கிறது. நாங்கள் முன்பணம் கட்டத் தேவைப்படாத அந்த முறையில் எங்கள் மலையைச் சேர்க்கத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். அதில் அடங்காத பேட்டரிச் செலவுக்குப் பழங்குடியினர் நல நிதியையோ, சுரங்கங்களிடமிருந்து வசூலிக்கும் மாவட்டக் கனிம நிதியையோ பயன்படுத்த முடியுமா என்று பார்க்க வேண்டுகிறோம். இந்தச் சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் ஒரு காலத்தில் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. மலை கொடுத்ததில் கொஞ்சம் மலைக்கும் வரட்டும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர் சொல்லச் சொன்னார்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. "இலவச சோலார்" என்று சொல்லி இரண்டு பேர் வந்து வீட்டுக்கு 500 ரூபாயும் ஆதார் நகலும் வாங்கிப் போனார்கள். 11 வீடுகள் கொடுத்துவிட்டன. பிறகு அவர்கள் தலையே தெரியவில்லை. திட்டத்துக்குப் பதிவு செய்யக் கட்டணமே இல்லை என்பது எங்களுக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அரசு அலுவலர்களே மலைக்கு வந்து ஒரு நாள் முகாம் நடத்தினால் மற்ற ஊர்க்காரர்களாவது ஏமாறாமல் இருப்பார்கள். மீட்டர் இன்னும் தாத்தா பெயரில் இருக்கும் வீடுகளுக்குப் பெயர் மாற்றத்தையும் அதே முகாமில் முடித்துவிடலாம்.

தென்மேற்குப் பருவமழை தொடங்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. அதற்குள் ஒரு பொறியாளரை அனுப்பி 38 வீடுகளையும் பார்வையிட ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஜீப் ஊர் வரை வரும், கடைசி அரைக் கிலோமீட்டர் மட்டும் மண் பாதை. எந்த நாள் என்று முன்கூட்டியே சொன்னால் அன்று ஒருவர் கூலிக்குப் போகாமல் நாகலூர் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்து அழைத்து வருவோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள் சார்பில்,
செயலாளர், மகளிர் சுய உதவிக் குழு.

இடம்: ஏற்காடு
நாள்: 12.05.2025

இணைப்பு: கரண்ட் இல்லாத இரவுகளின் பதிவேடு நகல், பராமரிப்பு நிதித் தீர்மான நகல், 38 வீட்டாரின் கையொப்பமும் கைரேகையும்.