எந்த மணிக்கு அளந்த நீர்மட்டம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்காலம் வந்தாலே 'முல்லைப் பெரியாறு ஷட்டர் திறப்பு, கம்பம் பள்ளத்தாக்குக்கு வெள்ள அபாயம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. அனுப்பியவருக்கு அணையைப் பற்றி எதுவும் தெரியாது என்பதற்கு அந்த ஒரு வரியே போதும். ஷட்டர் வழியே வெளியேறும் உபரிநீர் வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு வழியாக இடுக்கி அணைக்குத்தான் போகும். நம் பக்கம் வருவது சுரங்கவழித் தண்ணீர். அதன் அளவு தனியாகவே அறிவிக்கப்படுகிறது.

'142 அடி ஆகும் முன்பே திறந்துவிட்டார்கள்' என்பதும் அரைகுறைச் செய்திதான். 142 அடி என்பது 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அனுமதித்த உச்ச அளவு. 'ரூல் கர்வ்' முறையில் தேதிக்குத் தேதி தேக்கும் அளவு மாறும். ஆகவே 138 அடியிலும் திறக்க நேரலாம்.

எந்தத் தகவல் என்றாலும் தேதி, அளந்த நேரம், வெளியிட்ட துறை மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இன்று வானிலைத் துறை தரும் மழையளவு, காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்துக்கானது. அதை 'இப்போது பெய்யும் மழை' என்று பரப்புகிறார்கள். ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் சுமார் 11.5 முதல் 20.4 செ.மீ. வரை மழை எதிர்பார்ப்பு. அடுத்த அறிக்கை வந்ததும் பழைய நிறம் செல்லாது. தேதியில்லாத வீடியோவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தங்கள் நாளிதழும் அணை நிலவரப் பெட்டியில் அடிக்கணக்கோடு அளந்த மணியையும் அச்சிட வேண்டும்.

– வாசகர், கூடலூர், தேனி மாவட்டம்