சாம்பிராணி மட்டும் வாங்கி வையுங்கள் சார்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பொறியியல் கல்லூரிகளில் மெக்கானிக்கல் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் தொப்பூர் கணவாய்ப் பக்கம் லாரி இன்ஜின் பிரித்து மாட்டுகிறவன். இப்படி ஒரு கல்லூரியில்தான் நானும் படித்தேன். "ஸ்வர்ல் என்றால் என்ன?" இரண்டு மார்க் கேள்வி, சிலிண்டருக்குள் காற்று சுழல்வது என்று மனப்பாடம் செய்து எழுதிவிட்டேன். லேபில் இருந்த ஒற்றை சிலிண்டர் இன்ஜின் எவ்வளவு டீசல் குடிக்கிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்ததோடு சரி, உள்ளே காற்று என்ன செய்கிறது என்று யாரும் காட்டவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது கணவாய் ஏற்றத்தில் கரும்புகை கக்கிய வண்டியோடு டிரைவர் வந்து "நாசில் போச்சுண்ணா" என்கிறார். பாதி நேரம் அதுதான். ஆனால் டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, நாசில் பீய்ச்சுகிற டீசலோடு காற்று சுழன்று கலந்தால்தான் சுத்தமாக எரியும். கலக்காத இடத்தில் கரி.

அந்தச் சுழற்சியை அளக்க ஆராய்ச்சிக்கூடங்களில் பிஸ்டனை நீட்டி, தலையில் குவார்ட்ஸ் ஜன்னல் வைத்து, அடியில் 45 டிகிரி சாய்வில் முகம் காட்டும் கண்ணாடி பொருத்துகிறார்கள். மைக்ரான் அளவு எண்ணெய்த் துளிகளைக் காற்றோடு உள்ளே விட்டு, லேசரைத் தாள் போல விரித்து இரண்டு முறை மின்னவைத்துப் படம் எடுக்கிறார்கள். இடைவெளி 20 மைக்ரோ விநாடி என்றால், விநாடிக்கு 10 மீட்டர் ஓடும் காற்று அதற்குள் வெறும் 0.2 மில்லிமீட்டர் நகரும். இரண்டு படத்தையும் ஒப்பிட்டால் அந்தத் தாள் முழுக்க வேகமும் திசையும் கிடைத்துவிடும், இதுதான் பி.ஐ.வி. (பார்ட்டிகிள் இமேஜ் வெலாசிமெட்ரி). லேசர் டாப்ளர் என்று இன்னொன்று உண்டு, அது ஒரு நேரத்தில் ஒரு புள்ளியைத்தான் அளக்கும்.

அந்தச் செலவு நமக்குக் கட்டாது, தெரியும். அதற்குப் பதில் லேபில் இவ்வளவு போதும்: ஒரு பழைய ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி), கீழே அக்ரிலிக் குழாய், இன்லெட் வால்வைத் திறந்தபடி நிறுத்த ஒரு போல்ட், அடியில் உறிஞ்ச வேக்கூம் கிளீனர். காற்று உள்ளே போகும் போர்ட்டின் வாயில் சாம்பிராணிப் புகை. சின்ன லேசர் பாயிண்டரைக் கண்ணாடிக் கம்பி வழியாக விட்டால் ஒளி தாளாக விரியும் (யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்). செல்போனில் ஸ்லோமோஷன் எடுங்கள். பிஸ்டன் மேலே வரும்போது ஓரத்துக் காற்று நடுவே பிதுங்குகிற ஸ்குவிஷ் இதில் தெரியாதுதான், ஆனால் போர்ட்டின் வளைவு காற்றை எப்படிச் சுழற்றுகிறது என்பது பளிச்சென்று தெரியும்.

விரிசல் விழுந்த இரண்டு ஹெட் பட்டறையில் கிடக்கிறது. எந்தக் கல்லூரி என்று சொல்லுங்கள், நானே வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறேன்.