குசினியை முதலில் பார்

ஊத்தான் மெலிந்தாங்

அன்புள்ள மகளுக்கு,

கிள்ளானில் நீங்கள் வாங்க நினைக்கும் வீட்டின் படங்களை நீ அனுப்பியிருந்தாய், வந்தன. மாப்பிள்ளை எடுத்த வீடியோவையும் பார்த்தோம். சாமி மேடை வைக்க கிழக்கே ஒரு மூலை இருக்கிறது என்று தெரிந்ததும் அம்மாவுக்கு வீடு பிடித்துவிட்டது. அவள் அதோடு எழுந்து போய்விட்டாள். நான்தான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இதையெல்லாம் போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும், வேலைக்கு ஆகிற விஷயம்.

1983இல் கட்டிய வீடு, அஸ்திவாரம் என்ன கதியில் இருக்குமோ என்று நீ கேட்டிருந்தாய். அதன் வயதை நினைத்துப் பயப்படாதே. நாற்பது வருஷம் நின்ற வீடு இறங்க வேண்டியதில் பெரும்பகுதியை இறங்கி முடித்திருக்கும். இப்போதும் அசைகிறதா, அசைந்தால் எந்தப் பக்கம், இதை மட்டும் கண்டுபிடி. மற்றதெல்லாம் பெயிண்டும் டைலும்தான்.

கிள்ளான் மண்ணும் நம்ம ஊர் மண்ணும் ஒரே சாதி. தோட்டத்தில் கான் வெட்டும்போது பார்த்திருப்பாயே, சாம்பல் நிறத்தில் வழவழவென்று மம்பட்டியை விடாமல் ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் கடலோரக் களிமண்தான் அங்கேயும். அதன்மேல் பாரம் ஏற்றினால் உள்ளே இருக்கும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுங்கி வெளியேறும், தண்ணீர் போன அளவுக்கு மண் அமுங்கும். களிமண்ணிலிருந்து தண்ணீர் சீக்கிரம் போகாது. அதனால் இந்த அமுக்கம் வருஷக்கணக்கில் நடக்கும். ஆரம்பத்தில் வேகமாக இறங்கும், போகப் போகக் குறையும். தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்தையே எடுத்துக்கொள். 1885இல் லியோங் சூன் சோங் என்ற கட்டடக்காரர் கட்டியது, உயரம் 25 மீட்டருக்கு மேல். அத்தனை பாரத்தோடு ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் தொட்டியும் அதில் இருந்தது. அடியில் இளகிய மண். ஒரு பக்கம் கூடுதலாக இறங்கிச் சாய்ந்துவிட்டது, ஆனாலும் இன்னும் நிற்கிறது. சமமாக இறங்கியிருந்தால் இன்று யாரும் அதைப் படம் எடுக்க வரமாட்டார்கள்.

வீட்டுக்கும் அதே கதைதான். மொத்த வீடும் ஒரே அளவில் இறங்கினால் பைப்புகளைத் தவிர வேறொன்றுக்கும் பெரிய கேடில்லை. ஒரு பக்கம் நிற்க, இன்னொரு பக்கம் இறங்கினால்தான் வெடிக்கும். தோட்டத்தில் நாம் இருந்த பலகை லயத்து வீடு சிமிண்டுக் கட்டைகள்மேல் மரக்கால் ஊன்றி நின்றது. ஒரு கால் இறங்கினால் லோரி ஜாக்கியை வைத்து உயர்த்தி, அடியில் ஒரு பலகைத் துண்டைச் செருகுவோம். மத்தியானச் சோற்றுக்குள் வேலை முடிந்துவிடும். செங்கல் வீடு அப்படி வளைந்து கொடுக்காது.

இப்போது அந்த வீடியோவுக்கு வருகிறேன். ஹாலும் அறைகளும் எனக்கு ஒரு குறையும் சொல்லவில்லை. ஹாலிலிருந்து சமைக்கிற குசினிக்குப் போகும் இடத்தில் கீழே ஒரு வரிசை டைல் மட்டும் புதுசு. அதே இடத்தில் சுவரில் மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக ஒரு சிலிகான் கோடு. பெயிண்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள், ஆனால் சிலிகான்மேல் சாதாரணப் பெயிண்ட் ஒட்டாது, உரிந்து பிசிறடிக்கும். வீடியோவை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார், தெரியும்.

அந்தக் காலத்து ஒற்றை மாடி டெரஸ் வீடுகளில், அதாவது சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில், டெவலப்பர் கட்டிக் கொடுத்த குசினியில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. அதனால் வாங்கியவர்கள் எல்லாரும் பின்னால் இருந்த காலி இடத்தையும் அடைத்துக் குசினியைப் பெரிதாக்கினார்கள். நான் கன்ட்ராக்டரிடம் இருந்த காலத்தில் இந்த வேலைதான் வருஷம் முழுவதும் வரும். டெவலப்பர் கட்டிய முன்வீடு பைலிங்மேல், அதாவது மண்ணுக்குள் அடித்து இறக்கிய கம்பங்கள்மேல் நிற்கும். அப்போது சின்ன வீடுகளுக்குப் பெரும்பாலும் பாக்காவ் என்கிற சதுப்பு மரக் கம்பங்கள்தான், மாத்தாங் சதுப்புக் காட்டிலிருந்து லோரியில் வரும். பட்டையோடு, சேற்று வாடையோடு, கைக்கு அடங்காத பருமனில் இருக்கும். அவற்றைக் கொத்தாக அடித்து இறக்கி, தலையை வெட்டி, மேலே கான்கிரீட் போடுவோம். நிலத்தடித் தண்ணீருக்குள்ளேயே இருக்கும்வரை அந்த மரம் உளுத்துப்போகாது. தண்ணீர் மட்டம் கீழே போய்த் தலைப்பகுதிக்குக் காற்று பட்டால்தான் மக்கும். ஆகவே பக்கத்தில் ஆழமாகப் பெரிய கால்வாய் வெட்டினார்களா, அண்டர்கிரவுண்ட் கார் நிறுத்தத்தோடு கட்டடம் எழும்பியதா என்று அக்கம்பக்கம் கேட்டுவை.

பின்னால் ஒட்டவைத்த குசினிக்கு பைலிங் யார் போடுவார்? செலவு. மணலைக் கொட்டி, இடித்துச் சமப்படுத்தி, கம்பி வலை விரித்து, நேராகத் தரை போட்டுவிடுவார்கள். கீழே களிமண், அதன்மேல் மணல், அதன்மேல் தரை, சுவர், கூரை, தண்ணீர்த் தொட்டி, கல் பதித்த கேபினெட். முன்வீடு நின்ற இடத்தில் நிற்கும், குசினி இறங்கும், இரண்டும் சேர்கிற இடத்தில் பிளக்கும். இதில் பெரிய கொடுமை, தரை இறங்கியதும் வீட்டுக்காரர்கள் செய்கிற காரியம். பழைய தரையை எடுக்காமல் அதன்மேலேயே மணலும் சிமிண்டும் கொட்டி உயர்த்திப் புது டைல் ஒட்டுவார்கள். அந்தப் பாரமும் அதே களிமண்மேல்தானே ஏறுகிறது? கொஞ்ச காலத்தில் மறுபடி இறங்கும், மறுபடி கொட்டுவார்கள். ஒரு குசினியை உடைத்தபோது மூன்று அடுக்கு டைலை நானே பார்த்திருக்கிறேன். அடியில் இருந்தது சிவப்புச் சிமிண்டுத் தரை.

சனிக்கிழமை நீங்கள் இருவரும் போகும்போது ஏஜெண்ட் காட்டுகிற வரிசையில் பார்க்காதீர்கள். முதலில் தெருக்கோடியில் நின்று அந்த வரிசை வீடுகளின் கூரை முகட்டை ஒரே நேராகப் பார். கட்டும்போது கயிறு பிடித்த மாதிரி இருந்திருக்கும். நீ வாங்கப்போகிற வீட்டுக்கு மேல் அது தொய்ந்திருந்தால் அந்த இடத்திலேயே திரும்பி வந்துவிடு, உள்ளே போய்க் காப்பி குடிக்க வேண்டாம். அப்புறம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் லோரோங் சந்துக்குப் போய்க் குசினியின் வெளிச்சுவரையும் லோங்காங் சாக்கடையையும் பார். சுவரை ஒட்டிய சிமிண்டு நடைபாதையைக் குச்சியால் தட்டு. டம்டம் என்று சத்தம் கேட்டால் அடியில் மண் இறங்கி வெற்றிடம் விழுந்திருக்கிறது. கழிவுக் குழாய் வீட்டைவிட்டு வெளியே வரும் இடத்தையும் பார்த்துக்கொள், மண் இறங்கும்போது அந்த இணைப்புதான் முதலில் உடையும். உடைந்த குழாயிலிருந்து கசியும் தண்ணீர் தரைக்கு அடியில் இருக்கும் மணலை அரித்துக்கொண்டு போகும்.

விரிசல்களில் எல்லாமே ஒன்றல்ல. பூச்சில் இங்கும் அங்குமாக மெல்லியதாக ஓடுவதை விட்டுவிடு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறுவதும், ஒரு முனை அகன்று மறுமுனை ஒடுங்குவதும், செங்கல் இணைப்புகள் வழியே படிப்படியாக இறங்குவதும் சுவர் நகர்ந்ததைக் காட்டும். டோலுக்குத் தட்டுகிற உன் டச் அண்ட் கோ அட்டையை அதில் நுழைத்துப் பார். அட்டையின் கனம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நுழையாவிட்டால் பெரிய கவலை இல்லை. தாராளமாக நுழைந்தால் அளவுகோல் வைத்துப் பார். ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டினால் பூசி மூடுகிற விவகாரம் அல்ல. டார்ச் அடித்து உள்ளேயும் பார்க்க வேண்டும். தூசும் பழைய பெயிண்டும் சிலந்திக்கூடும் இருந்தால் விரிசல் பழையது, அசைவு எப்போதோ நின்றிருக்கலாம். ஓரங்கள் வெளுத்துக் கூர்மையாக இருந்தால் அண்மையில் வந்தது. கதவுகளையும் திறந்து மூடிப் பாருங்கள். மேல் மூலையைச் சாய்வாக இழைத்திருந்தால் நிலைச்சட்டம் கோணியிருக்கிறது.

சுவரில் பென்சிலால் குறியிட்டு, தேதி எழுதி, மாதாமாதம் அளப்பதுதான் சரியான வழி. ஆனால் விற்பவர் அதுவரை காத்திருக்கமாட்டார். அதற்குப் பதிலாக அந்தத் தெருவில் அதிக வருஷம் இருக்கிற பாட்டி யாராவது இருப்பார், அவரிடம் பேசு. வாசல் படி முன்பு எத்தனை, இப்போது எத்தனை, குசினியை எத்தனை தடவை உயர்த்தினார்கள், எல்லாம் சொல்லிவிடுவார். 2021 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதையும் அவரிடமே கேள், ஏஜெண்டிடம் கேட்காதே. கரையான் பற்றியும் விசாரி. தோட்டமாக இருந்த நிலம் என்றால் மண்ணுக்குள் புதைந்த பழைய மரக்கட்டைகள் அதற்கு விருந்து. கூரைச் சட்டங்களையும் நிலைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்க மாப்பிள்ளைக்குச் சொல்.

இவ்வளவுக்கும் பிறகு வீடு பிடித்திருந்தால் ஒரு சிவில் இன்ஜினியரை அழைத்துப்போ. மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிந்தவராக இருக்க வேண்டும், எழுத்தில் அறிக்கை தர வேண்டும். பைலிங் செய்கிற கன்ட்ராக்டரைக் கூப்பிட்டுக் காட்டாதே, அவன் பைலிங் வேண்டும் என்றுதான் சொல்வான். பேங்க் ஆள் அனுப்பிப் பார்க்கிறதே என்று நினைக்காதே. அவர் வருவது கடனுக்கு ஏற்ற விலை போடுவதற்கு. அஸ்திவாரத்தைச் சோதிப்பது அவர் வேலை இல்லை.

முன்வீடு அசையாமல் குசினி மட்டும் இறங்குகிறது என்று இன்ஜினியர் சொன்னால் வீட்டை விட்டுவிட வேண்டியதில்லை. குசினி மட்டும்தான் இறங்குகிறது என்பதே என் கணிப்பும். அப்படியென்றால் குசினியை முன்வீட்டோடு கம்பி போட்டு இறுக்கக் கூடாது, இறங்கும்போது நல்ல சுவரையும் இழுத்துக்கொண்டு போகும். இடையில் இணைப்பை வெட்டிவிட்டு, மேலே தகரம் மடித்து மழை இறங்காமல் செய்து, பாரத்தைக் குறைத்து விட்டுவிடலாம். முழுசாகச் சரிசெய்ய வேண்டுமானால் உடைத்துவிட்டு, மெல்லிய பைல் இறக்கிப் புதிதாகத் தரை போட வேண்டும். பின் லோரோங் வழியாக இயந்திரம் நுழையுமா என்பதைப் பொறுத்துச் செலவு ஏறும். அந்தக் கணக்கை எழுதி வாங்கி விலைபேசும்போது மேசையில் வை. மூன்று லட்சத்துச் சொச்சம் கேட்கிறவர் சிலிகானுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறார்.

முன்வீட்டுத் தூண்களே இறங்குகின்றன என்றால் வேண்டாம். டெரஸ் வீட்டில் பக்கத்துச் சுவர் இருவருக்கும் பொது. நீ காசு கொட்டி உன் பக்கத்தைத் தூக்கினாலும் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருந்தால் பயன் அரைகுறைதான்.

பேப்பர் விஷயம் கொஞ்சம். புது வீடு என்றால் சாவி வாங்கிய நாளிலிருந்து 24 மாதம் டெவலப்பர் பழுது பார்த்துக் கொடுக்க வேண்டும். கைமாறி வரும் பழைய வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, இருக்கிற நிலையில் வாங்கினேன் என்றுதான் எஸ் அண்ட் பி என்கிற விற்பனை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். அதில் கையெழுத்திடும்போது விலையில் பத்து விழுக்காடு கட்டியாக வேண்டும். அதற்கு முன்பே ஏஜெண்ட் இரண்டோ மூன்றோ விழுக்காடு புக்கிங் கேட்பான். "இன்ஜினியர் அறிக்கை திருப்தி இல்லையென்றால் பணம் முழுதும் திரும்ப வேண்டும்" என்று அந்த ஃபாரத்திலேயே எழுதச் சொல். மறுத்தால் அவனுக்கு ஏதோ தெரியும். குசினி நீட்டியதற்கு நகராண்மையின் அனுமதி பெற்ற பிளான் உண்டா என்று வக்கீல் மூலம் கேட்கவேண்டும். 1974ஆம் வருஷத்துச் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி அது தேவை. நிலம் 99 வருஷ லீஸா என்பதையும் கிராண்டில், அதாவது நிலப் பத்திரத்தில் பார்.

சேமநிதியில் எடுக்கிற பணம், உங்கள் கைச்சேமிப்பு எல்லாவற்றையும் முன்பணத்துக்கே துடைத்துப் போட்டுவிடாதீர்கள். பழைய வீடு முதல் வருஷம் காசு கேட்கும்.

நம் குடும்பத்தில் கிராண்டில் பெயர் ஏறப்போவது உனக்குத்தான் முதலில். தாத்தாவும் நானும் வேலை இருக்கும்வரை தோட்டத்து வீட்டில் இருந்தோம், வேலை முடிந்ததும் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தோம். இப்போது இருப்பதும் வாடகை வீடு. அதனால் உனக்கு இருக்கிற அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை. அம்மாவுக்கு உன்னைவிட அவசரம். ஆனால் அந்த ஏஜெண்ட் "இன்னும் இரண்டு பேர் பார்க்க வருகிறார்கள்" என்று சொன்னதாக எழுதியிருந்தாயே, அதை எல்லா ஏஜெண்டும் எல்லா வீட்டுக்கும் சொல்வார்கள். வரட்டும். குசினியை அவர்களும் பார்க்கட்டும்.

இன்ஜினியர் வருகிற நாளை முடிவு செய்ததும் போன் பண்ணு, தெலுக் இந்தானிலிருந்து காலை பஸ்ஸில் வந்துவிடுகிறேன். அவரிடம் நான் வாயைத் திறக்கமாட்டேன், கூடவே நின்று பார்ப்பேன், அவ்வளவுதான். குசினிச் சின்க் கேபினெட்டைக் காலி செய்து வைக்கும்படி விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, அதன் பின்சுவரை எனக்குப் பார்க்க வேண்டும். அதுவரை எதிலும் கையெழுத்து வேண்டாம்.

அன்புடன்,
அப்பா