ஞாயிறு மாலை இணைய ஆராதனை: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, இங்கே நாகர்கோவிலில் நேரில் வந்திருக்கும் சபையாரே, திரையில் இணைந்திருக்கும் சபையாரே, எல்லாருக்கும் என் அன்பின் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய கடவுள் ஒருவரே என்று நம்பும் நம் யூனிட்டேரியன் சபைச் சங்கத்தின் பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வருகைப் பதிவையும் வரவுசெலவுக் கணக்கையும் பொருளாளர் தனியே படிப்பார். அதனால் இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஞாயிறு மாலை இணைய ஆராதனைக்கே ஒதுக்கியிருக்கிறேன். கொரோனா ஊரடங்கில் வேறு வழியில்லாமல் தொடங்கியது அது. இனி அதை நிறுத்திவிட்டு, மாதம் ஒருமுறை நேரில் கூடுவதோடு வைத்துக்கொள்ளலாமே என்று சில உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நிறுத்தக் கூடாது என்பது நிர்வாகக் குழுவின் முடிவு. என் உறுதியான கருத்தும் அதுதான்.

முதலில் ஒரு துக்கச் செய்தியைப் பதிவு செய்ய வேண்டும். நம் மூத்த உறுப்பினர், தக்கலைப் பக்கத்தில் வாழ்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், ஐப்பசி மழையில் காலமானார். அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊர்ச்சபையே அவரை அடக்கம் செய்தது. அந்தச் சபையாருக்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அடுத்த ஞாயிறு மாலை நம் ஆராதனையை அவருடைய நினைவு ஆராதனையாக நடத்தினோம். அடக்கத்துக்கு வந்துசேர முடியாத அவர் மகள், குவைத்தில் தன் அறையில் இருந்தபடி அப்பாவைப் பற்றிப் பேசினார். அவரிடம் படித்தவர்கள் எங்கெங்கிருந்தோ வந்தார்கள். அவர்களில் சிலர் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருக்கிறார்கள்.

நம் மாவட்டத்தில் யூனிட்டேரியனாக இருப்பது எப்படிப்பட்டது என்பது இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1806-ல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த காலத்திலிருந்து சபைதான் நம் முன்னோருக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மானம் எல்லாம் கொடுத்தது. பெண்கள் மேலாடை அணியும் தோள்சீலை உரிமைக்காக நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்த நன்றியை விட்டுவிட யாரும் விரும்பவில்லை. ஆனால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவக் கொள்கையில் மனம் ஒப்பாத ஒருவர், கடவுள் ஒருவரே, இயேசு நமக்கு வழிகாட்டும் ஆசிரியர் என்று நினைக்கும் ஒருவர், அதை ஊரில் வாய்விட்டுச் சொன்னால் என்ன ஆகும்? பிள்ளையின் கல்யாண ஓலை வாசிப்பதிலிருந்து கல்லறைத் தோட்டத்தில் இடம் வரைக்கும் கேள்வி எழும். அதனால் அருமனையில் ஒருவர், கருங்கலில் ஒரு குடும்பம், குலசேகரத்தில் இரண்டு பேர் என்று ஆளுக்கொரு மூலையில் இருக்கிறோம். இவர்களை வாரந்தோறும் ஒரே கூரையின் கீழ் சேர்ப்பது எந்தக் காலத்திலும் நடந்ததில்லை. இணையம் வந்த பிறகுதான் நமக்கு வாராந்தர ஆராதனை என்ற ஒன்றே உண்டானது. இருந்த கோயிலை விட்டுவிட்டுத் திரைக்குப் போனவர்கள் அல்ல நாம். நிறுத்தச் சொல்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மாலை 6.30 என்ற நேரத்தை இந்த ஆண்டும் மாற்றவில்லை. காலையில் நம்மில் பலர் குடும்பத்தோடு தங்கள் ஊர் ஆலயத்தில் இருப்பார்கள், இருக்கவும் வேண்டும். நமக்கு 6.30 என்றால் துபாயில் 5 மணி, ரியாத்திலும் தோஹாவிலும் குவைத்திலும் 4 மணி. துபாய்க்காரர்களுக்கு 2022-லிருந்து ஞாயிறு விடுமுறை. மற்ற மூன்று இடத்திலும் ஞாயிறு வேலைநாள். அவர்கள் வேலைக்கு நடுவே காதில் மாட்டிக்கொண்டு பிரசங்கத்தை மட்டும் கேட்கிறார்கள். இன்னும் தாமதமாக வைக்கலாமே என்றார்கள். ஆனால் பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் திங்கள் அதிகாலையிலேயே எழுந்து மரத்தடிக்குப் போக வேண்டும். ஞாயிறு ஓய்ந்திருக்கும் கடற்கரை ஊர்க்காரர்களும் திங்கள் விடியுமுன் கடலில் இறங்குவார்கள். ஆகவே 7.45-க்கு முடித்தே தீருவது என்று வைத்திருக்கிறோம். பிரசங்கம் செய்கிறவர்கள் இதை நன்றாக மதித்து நடந்தார்கள்.

நேரில் பார்க்காதவர்களோடு என்ன ஐக்கியம் என்று ஒரு கடிதத்தில் கேட்டிருந்தது. நேர்மையான கேள்வி. நம் மரபின் வரலாற்றிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. திருவேங்கடமாகப் பிறந்து வில்லியம் ராபர்ட்ஸ் ஆன தமிழர் 1795-ல் சென்னையில் யூனிட்டேரியன் சபையைத் தொடங்கினார். 1813-ல் புரசைவாக்கத்தில் ஆலயம் எழும்பியது. இங்கிலாந்திலிருந்த யூனிட்டேரியன்களோடு அவரை இணைத்து வைத்தது கப்பலில் போய்வந்த கடிதங்கள்தான். மேகாலயாவின் காசி (Khasi) மலையில் ஹாஜோம் கிஸ்ஸார் சிங் தாமாகவே வேதத்தைப் படித்து ஒரே கடவுள் என்ற முடிவுக்கு வந்தார். அப்படி நம்புகிறவர்கள் உலகத்தில் வேறு இடத்திலும் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியவந்தது கல்கத்தாவில் இருந்த அமெரிக்கப் போதகர் சார்லஸ் டாலோடு நடத்திய கடிதப் போக்குவரத்தில்தான். 1887 செப்டம்பர் 18-ல் ஜோவாயில் அவர் தொடங்கிய சபை இன்றும் மேகாலயாவில் தழைத்து நிற்கிறது. அமெரிக்காவில் ஆலயம் இல்லாத ஊர்களில் தனித்துக் கிடந்த யூனிட்டேரியன்களுக்காக 1944-ல் தபால் வழியாகவே ஒரு சபையைத் தொடங்கினார்கள். தூரத்தில் இருந்துகொண்டு ஒருவர் நம்பிக்கையை இன்னொருவர் தாங்குவது நமக்குப் புதிதல்ல. தபால்காரர் கொண்டுவந்ததை இப்போது போன் கொண்டுவருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

செப்டம்பர் 22 ஞாயிறன்று காசி மலைச் சபை தொடங்கிய நாளின் நினைவாக ஆராதனை நடத்தினோம். நமக்குச் சம்பளப் போதகர் கிடையாது. உறுப்பினர்களே முறைவைத்துப் பிரசங்கிக்கிறார்கள். இன்றைய ருமேனியாவில் இருக்கும் திரான்சில்வேனியாவில் 1568-ல் தோர்தா சட்டமன்றம் மத சுதந்திரம் அறிவித்ததும், அதற்கு உழைத்த யூனிட்டேரியன் போதகர் ஃபெரென்ஸ் தாவீது பிற்பாடு சிறையில் 1579-ல் மாண்டதும் ஒரு மாதம் முழுக்கப் பேசப்பட்டது. டிசம்பர் 29 அன்று, கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலையின் வெள்ளிவிழா தொடங்க இருந்த சமயம், வேதவாசிப்போடு குறளும் வாசித்தோம். 1892 டிசம்பரில் குமரிப் பாறையில் தியானம் செய்த விவேகானந்தர் அடுத்த ஆண்டு சிகாகோ சர்வசமய மாநாட்டில் பேசினார் அல்லவா? அந்த மாநாட்டின் செயலாளராக இருந்து உழைத்தவர் ஜென்கின் லாயிட் ஜோன்ஸ் என்ற யூனிட்டேரியன் போதகர். இதை அன்று பேசிய கல்லூரி மாணவி எடுத்துச் சொன்னபோது நம்மில் பலருக்கும் அது புதுச் செய்தியாக இருந்தது. அப்புறம், 2024 ஈஸ்டர் மார்ச் 31-லும் 2025 ஈஸ்டர் ஏப்ரல் 20-லும் வந்ததால் இந்த அறிக்கையாண்டில் ஈஸ்டர் ஆராதனையே பதிவாகவில்லை. விடுபட்டுவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம்.

பாட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதிகமான மனக்குறை அதில்தான் வந்தது. எல்லாரும் சேர்ந்து பாடுவது இணையத்தில் முடியாது. ஒருவர் குரல் இன்னொருவர் வீட்டுக்குப் போய்ச் சேர நொடியில் ஒரு சிறு பங்கு தாமதமாகிறது. பேச்சில் அது தெரியாது. ஆனால் தாளத்துக்கு அது போதும், மூன்றாவது அடிக்குள் பாட்டு சிதறிவிடும். ஆகவே ஒரு வீடு பாட, மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு அவரவர் வீட்டில் கூடப் பாடுகிறோம். ஆர்மோனியம் விட்டுவிட்டுக் கேட்கிறது என்ற புகாரும் இருந்தது. ஜூம் செயலி மனிதக் குரலை மட்டும் தெளிவாக்கி மற்றதை இரைச்சல் என்று கருதி அமுக்குவதால் வரும் பிரச்சினை அது. அசல் ஒலியை அப்படியே அனுப்பும் அமைப்பைப் பாடுகிற வீட்டில் மட்டும் போட்டு வைத்தால் சரியாகிவிடும். எங்கள் இளைஞர் இருவர் வீடு வீடாகப் போய் இதைச் செய்து கொடுத்தார்கள். வாரம் ஒரு வீடு பாட்டை நடத்துவது என்றான பிறகு, ஆலயத்தில் ஒருநாளும் வாய் திறந்திராதவர்கள் பாடுவதைக் கேட்டோம். விளவங்கோடு பக்கத்து ராகம் ஒரு வாரம், தோவாளைப் பக்கத்து இழுவை மறுவாரம். திரித்துவத்தைப் போற்றும் கடைசிச் சரணத்தை விட்டுவிட்டுப் பழைய கீர்த்தனைகளையே பாடுகிறோம், மெட்டை மாற்றவில்லை. இறுதி ஆமென் மட்டும் எல்லாரும் மைக்கைத் திறந்துவிட்டுச் சொல்கிறோம். அது ஒருபோதும் ஒன்றாக வருவதில்லை. எனக்கு அந்தக் கலைந்த ஆமென் மிகவும் பிடிக்கும்.

ஆராதனைத் தொடக்கத்தில் அவரவர் வீட்டில் அகல் ஏற்றுகிறோம். நம் அடையாளமான சுடரேந்திய கிண்ணத்தை 1941-ல் ஹான்ஸ் டாய்ச் என்ற ஆஸ்திரிய ஓவியர் வரைந்தார். நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர்களுக்கு உதவிய யூனிட்டேரியன் சேவைக் குழுவுக்காக வரைந்தது அது. அவரும் அகதியாக வந்தவரே.

அகல் ஏற்றிய பின் மகிழ்ச்சியும் பாரமும் பகிரும் நேரம். நம் ஆராதனையின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். மகளுக்கு வேலை கிடைத்தது, ரப்பர் விலை இறங்கிவிட்டது, கணவர் குடியை விட்டு ஒரு மாதம் ஆகிறது, ஸ்கேன் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஊர் ஆலயத்தில் எழுந்து நின்று இதையெல்லாம் சொல்ல முடியாதவர்கள் இங்கே சொல்கிறார்கள். இதைக் காக்க நிர்வாகக் குழு சில விதிகளை இந்த ஆண்டு எழுதி வைத்தது. அந்த நேரத்தில் பதிவு நிறுத்தப்படும். பிரசங்கம் மட்டுமே ஒலிப்பதிவாக வாட்ஸ்அப்பில் போகும். காத்திருப்பு அறையில் அடையாளம் கேட்காமல் யாரையும் உள்ளே விடுவதில்லை. கேமராவைப் போடாதவரை ஏன் போடவில்லை என்று கேட்பதில்லை. கடைசி விதியில் சிலருக்கு வருத்தம் உண்டு, முகம் பார்க்காமல் எப்படி என்று. வீட்டாருக்குத் தெரியாமல் மொட்டைமாடியில் நின்று கேட்கும் ஒரு தங்கை நம் நடுவில் இருக்கிறார். மலைப்பகுதியில் சிக்னல் ஒரு கோடு மட்டும் வரும் இடத்தில், படத்தை அணைத்தால்தான் குரலாவது கேட்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். இவர்களுக்காக அந்த விதி அப்படியே இருக்கட்டும்.

காணிக்கை பற்றி. ஜூம் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துபோகும் என்பதால் சந்தா கட்டியிருக்கிறோம். அதைத் தவிர ஆராதனைக்குப் பெரிய செலவில்லை. காணிக்கை யுபிஐ வழியாக வருகிறது. வெளிநாட்டு உறுப்பினர்களுக்கு ஒரு விளக்கம். வெளிநாட்டில் வேலை செய்யும் இந்தியக் குடிமக்கள் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால், 2010-ம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவர்கள், நம் ரத்தமாகவே இருந்தாலும், அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைதான். அதைப் பெற நமக்குப் பதிவு இல்லை. இங்கிலாந்தில் குடியுரிமை பெற்ற ஒரு குடும்பம் ஆசையோடு தர முன்வந்ததை இதனால் ஏற்க முடியவில்லை. அவர்கள் பெருந்தன்மையோடு புரிந்துகொண்டு, மாதம் ஒருமுறை பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுக்கும் பொறுப்பை ஏற்றார்கள். பிள்ளைகள் வகுப்பு நன்றாக நடக்கிறது.

இணையத்தில் முடியாதவையும் உண்டு. அசனம் முடியாது. ஒரே பந்தியில் உட்கார்ந்து சோறும் குழம்பும் சாப்பிடாத சபையை நம் ஊரில் சபை என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? ஆகவே இணைய ஆராதனையோடு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நேர்க்கூடுகையையும் அசனத்தையும் மார்த்தாண்டம், நாகர்கோவில், குளச்சல் என்று மாறிமாறி நடத்த நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது. நோயாளிகளை வீட்டுக்குப் போய்ச் சந்திக்க வட்டாரத்துக்கு இருவர் பெயர் கொடுக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.

அடக்கம் இன்னும் கனமான விஷயம். நம் ஆசிரியருக்கு ஊர்ச்சபை இடம் கொடுத்தது. உறவு அறுந்துபோன உறுப்பினர்களுக்கு அப்படிக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு பேர் என்னிடம் நேரடியாகவே கேட்டுவிட்டார்கள், என் உடலை எங்கே வைப்பீர்கள் என்று. உள்ளாட்சிப் பொதுமயானத்தில் அடக்கமோ தகனமோ செய்வதற்கான நடைமுறை, நம் சார்பில் ஜெபம் நடத்துபவர் யார், உறுப்பினரின் விருப்பத்தை எழுத்தில் வாங்கி வைப்பது எப்படி என்பதைப் பார்க்க மூவர் குழு ஒன்றை இன்றே அமைக்க வேண்டும். வரும் ஆண்டில் மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் இது முடிய வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

திரையில் இருக்கும் உறுப்பினர்களின் வாக்கையும் பொதுக்குழுவில் எண்ணும்படி துணைவிதியைத் திருத்தும் வரைவு உங்கள் கையில் இருக்கிறது. 1975-ம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்துக்கு அது பொருந்துகிறதா என்று வழக்கறிஞர் பார்த்துச் சொன்ன பிறகே தீர்மானமாக வரும். இன்று கருத்து மட்டும் சொன்னால் போதும்.

வாரந்தோறும் கூட்டத்தைத் திறந்து மூடும் இளைஞர்களுக்கும், பாட்டு நடத்திய வீடுகளுக்கும், பிரசங்கித்தவர்களுக்கும், நேர்க்கூடுகைக்கு வீட்டுமுற்றத்தைத் தந்த குடும்பத்துக்கும் சங்கத்தின் நன்றி. இந்த அறிக்கையை விவாதித்து ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். இணைய ஆராதனை தொடர்வது பற்றியும், அடக்கக் குழு பற்றியும் தனித்தனியே வாக்கெடுக்கும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
நாகர்கோவில்