பர்ன்ஸ் எழுதியது கொச்சை ஆங்கிலம் அல்ல

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராபர்ட் பர்ன்ஸ் பிறந்தநாளையொட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஒரு ஸ்காட்லாந்துக் கவிஞனுக்குத் தமிழ் இதழ் முழுப் பக்கம் ஒதுக்கியதே பெரிய காரியம், அதற்கு நன்றி. ஆனால் 'கொச்சை ஆங்கிலத்தில் எழுதினாலும் உலகப் புகழ் பெற்றார்' என்ற ஒரு வரி என்னை உறங்கவிடவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவள் நான். பர்ன்ஸை நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். பாடநூலின் அடிக்குறிப்பில் இருந்த ஆங்கிலப் பொருளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். ஓய்வு பெற்ற பிறகுதான் அவருடைய பாடல்களை ஸ்காட்லாந்துக்காரர்கள் பாடக் கேட்டேன். அன்று புரிந்த தவறை இன்று உங்கள் பக்கத்தில் அச்சில் பார்த்ததால்தான் இந்தக் கடிதம். 'எழுதினாலும்' அல்ல, ஐயா. 'எழுதியதால்'.

பர்ன்ஸ் எழுதிய ஸ்காட்ஸ் மொழி ஆங்கிலத்தின் சிதைவு அல்ல. இரண்டும் பழைய ஆங்கிலம் என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஸ்காட்லாந்து தனி அரசாக இருந்தபோது அரசவையிலும் சட்டங்களிலும் புலவர்களின் ஏடுகளிலும் புழங்கிய மொழி அது. (மலைப்பகுதிகளில் பேசப்பட்ட கேலிக் மொழி வேறு, கட்டுரையில் ஓரிடத்தில் இரண்டும் குழம்பியிருக்கின்றன.) 1603-இல் மன்னர் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். 1707-இல் நாடாளுமன்றமும் இங்கிலாந்தோடு இணைந்தது. அதன் பிறகு ஸ்காட்ஸ் பேசுவது படித்தவர்களுக்குக் கூச்சமாகிவிட்டது. தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் கூடத் தம் எழுத்தில் ஸ்காட்ஸ் சொல் எதுவும் தப்பித்தவறி நுழைந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டார். எழுத்தில் தவிர்க்க வேண்டிய ஸ்காட்ஸ் சொற்களைப் பட்டியலிட்டு ஜேம்ஸ் பீட்டி என்ற பேராசிரியர் ஒரு புத்தகமே வெளியிட்டார்.

அந்தக் காலத்தில்தான், 1786 ஜூலை 31 அன்று, கில்மார்னாக் என்ற சிற்றூரின் அச்சகம் ஒன்றிலிருந்து இருபத்தேழு வயதுக் குத்தகை விவசாயியின் கவிதை நூல் வெளிவந்தது. 'பெரும்பாலும் ஸ்காட்லாந்து வழக்கில்' எழுதியவை என்று தலைப்பிலேயே அறிவித்த நூல். அச்சிட்டவை 612 பிரதிகள், விலை மூன்று ஷில்லிங். சில வாரங்களிலேயே அநேகமாக எல்லாம் விற்றுத் தீர்ந்தன.

எடின்பரோ அவரைக் கொண்டாடியது. 'வானமே கற்பித்த உழவன்' என்று ஹென்றி மெக்கன்சி என்ற எழுத்தாளர் எழுதினார். உங்கள் கட்டுரையும் அதை மேற்கோள் காட்டிப் படிக்காத மேதை என்கிறது. இதிலும் எனக்கு உடன்பாடில்லை. பர்ன்ஸின் தந்தை ஏழைதான்; அலோவேயில் மண் குடிசையைத் தன் கையால் கட்டியவர். ஆனால் அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து பணம் போட்டு, பிள்ளைகளுக்கு ஜான் மர்டாக் என்ற ஆசிரியரை அமர்த்தினார். பர்ன்ஸ் ஷேக்ஸ்பியரையும் ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப்பையும் படித்தவர். கொஞ்சம் பிரெஞ்சும் கற்றவர். நாகரிக ஆங்கிலத்தில் எழுத அவருக்கு நன்றாகவே தெரியும், எழுதியும் இருக்கிறார். அந்த ஆங்கிலக் கவிதைகளை இன்று ஆய்வாளர்கள் தவிர அதிகம் பேர் படிப்பதில்லை. மக்கள் மனப்பாடமாக வைத்திருப்பவை ஸ்காட்ஸில் எழுதியவை.

1785 நவம்பரில் மாஸ்கீல் பண்ணையில் உழுதுகொண்டிருந்தபோது கலப்பை ஒரு சுண்டெலியின் கூட்டைப் பிரித்துப்போட்டது. அதைப் பற்றிய கவிதையில் எலியை அவர் 'பீஸ்டீ' என்று அழைக்கிறார். 'விலங்கு' என்ற சொல்லோடு நாம் 'குட்டி' சேர்த்துச் செல்லமாகச் சொல்வது போன்ற விகுதி அது. ஆங்கிலத்தில் மாற்றிப் பாருங்கள், அந்தச் செல்லம் போய்விடும். செல்லம் போனால் கவிதையே இல்லை. அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் தம் குறுநாவல் ஒன்றுக்குத் தலைப்பை எடுத்ததும் இந்த எலிக் கவிதையிலிருந்துதான்.

கட்டுரை முற்றிலும் விட்டுவிட்ட ஒன்றுக்கு வருகிறேன். பர்ன்ஸ் தம் வாழ்வின் கடைசிப் பத்தாண்டுகளில் பெரும்பாலும் செய்தது புதிதாகக் கவிதை எழுதுவது அல்ல. பாட்டுச் சேகரிப்பு. அவருடைய தாய் ஆக்னஸ் நாட்டுப் பாடல்கள் பாடுவார். வீட்டுக்கு வந்து போகும் பெட்டி டேவிட்சன் என்ற உறவுக்காரப் பெண் பேய்க்கதைகளும் பாட்டுகளும் சொல்வார். அந்தக் காது பர்ன்ஸுக்குக் கடைசிவரை இருந்தது. 1789 முதல் கலால் வரி அதிகாரியாக வாரத்துக்கு 200 மைல் வரை குதிரையில் அலைந்தார். அந்த அலைச்சலுக்கு நடுவே, கிடைத்த மெட்டுகளையும் பாதி மறந்துபோன வரிகளையும் குறித்துக்கொண்டு, அறுந்த இடத்தை இழை தெரியாமல் சேர்த்தார். எடின்பரோவில் ஜேம்ஸ் ஜான்சன் வெளியிட்ட ஆறு தொகுதிகளில் உள்ள 600 பாடல்களில் ஏறத்தாழ 200 பர்ன்ஸ் எழுதியவை அல்லது செப்பனிட்டவை. பலவற்றில் அவர் பெயரே இல்லை.

இதற்கு அவர் காசு வாங்கவில்லை. ஜார்ஜ் தாம்சன் என்ற இன்னொரு பதிப்பாளர் 1793-இல் ஐந்து பவுண்டு அனுப்பியபோது, இது தம்மைத் தம் கண்ணிலேயே தாழ்த்துகிறது என்று கோபமாகக் கடிதம் எழுதினார். மூன்றாண்டு கழித்து, 1796 ஜூலையில், இதயம் பழுதாகிப் படுக்கையில் கிடந்தபோது, துணிக்கடைக்காரர் ஒருவர் பழைய பாக்கிக்காகச் சிறையில் தள்ளிவிடுவேன் என்று மிரட்டினார். அப்போது அதே தாம்சனுக்கு எழுதி அதே ஐந்து பவுண்டைக் கேட்டார். பணம் வந்தது. 21-ஆம் தேதி அவர் இறந்தார், வயது 37. அடக்கம் நடந்த நாளில் அவர் மனைவி ஜீன் ஆர்மர் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றெடுத்தார். இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் புத்தகத்தைச் சற்று நேரம் மூடி வைத்துவிடுகிறேன்.

அப்படிச் சேர்த்த பாட்டுகளில் ஒன்றுதான் 'ஆல்ட் லாங் சைன்', அதாவது 'கடந்துபோன அந்தக் காலம்'. ஒரு முதியவர் பாடக் கேட்டு எழுதிக்கொண்டேன் என்று பர்ன்ஸே சொல்லியிருக்கிறார். எந்த வரி முதியவருடையது, எது பர்ன்ஸுடையது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. இன்று நமக்குத் தெரிந்த மெட்டும் அவர் முதலில் அனுப்பிய மெட்டு அல்ல. அவர் இறந்த பிறகு, 1799-இல், தாம்சன் இந்த மெட்டோடு வெளியிட்டார். 'புத்தாண்டு இரவு விருந்துப் பாட்டு' என்று உங்கள் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. உலகமும் பெரும்பாலும் முதல் சரணத்தைப் பாடிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. பாட்டின் உயிர் அதற்குப் பின்னால் இருக்கிறது. இருவரும் மலைச்சரிவுகளில் ஓடித் திரிந்து காட்டுப்பூ பறித்தோம். அதன் பிறகு களைத்த கால்களோடு எவ்வளவோ தூரம் நடந்துவிட்டோம். காலை வெயிலிலிருந்து உச்சிவேளைச் சாப்பாடு வரை ஓடையில் கால் அளைந்து விளையாடினோம். அதன் பிறகு நம் இருவருக்கும் நடுவே அகன்ற கடல்கள் இரைந்துவிட்டன. கடைசிச் சரணத்தில்தான் 'இதோ என் கை, நண்பா. உன் கையைக் கொடு' என்று வருகிறது. கைகளைக் குறுக்காகக் கோத்துக்கொள்ள வேண்டிய இடமும் அதுதான். பாட்டு தொடங்கும்போதே கோத்துக்கொள்பவர்களைப் பார்த்தால், எனக்குள் இருக்கும் ஆசிரியை எழுந்து நின்றுவிடுகிறாள்.

இந்த மெட்டு சென்ற தூரம் வியப்பானது. ஜப்பானில் 1881 முதல் அதற்கு வேறு சொற்கள் இட்டு, மின்மினி வெளிச்சத்தில் படித்த மாணவனைப் பற்றிய பாட்டாகப் பள்ளி நிறைவு விழாக்களில் பாடுகிறார்கள். கொரியர்கள் தங்கள் தேசியகீதத்தை முதலில் இந்த மெட்டில்தான் பாடினார்கள். மாலத்தீவின் தேசியகீதம் 1972 வரை இதே மெட்டில் இருந்தது. தாகூரின் 'புரானோ ஷேய் தினேர் கதா'வும் இதிலிருந்து பிறந்ததுதான். வங்காளத்தில் அதைத் தங்கள் பாட்டாகவே பாடுகிறார்கள். டேராடூன் ராணுவப் பயிற்சிக் கழகத்தில் பயிற்சி முடித்த இளைஞர்கள் கடைசி அடி எடுத்து வைப்பதும் இந்த இசைக்குத்தான்.

பர்ன்ஸ் பிறந்தநாளான ஜனவரி 25 அன்று அவர் நினைவாக நடக்கும் இரவு விருந்து பற்றிக் கட்டுரை விரிவாகவே எழுதிவிட்டது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். முதல் விருந்து 1801-இல், அவர் பிறந்த அந்த மண் குடிசையிலேயே, அவரைத் தெரிந்தவர்களும் அவரை விரும்பியவர்களுமாக ஒன்பது பேர் கூடி நடத்தியது. அரசோ பல்கலைக்கழகமோ ஏற்பாடு செய்ததல்ல. 1859-இல் நூற்றாண்டு வந்தபோது பதிவான கூட்டங்கள் மட்டும் 872.

ஜமைக்கா விஷயத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. கவிதை நூல் வெளிவந்த அதே ஆண்டில், கரும்புத் தோட்டத்தில் கணக்குப் பார்க்கும் வேலைக்காகக் கப்பலேற பர்ன்ஸ் தயாராகிக்கொண்டிருந்தார். அது அடிமைகளை வேலை வாங்கும் உத்தியோகம். நூல் விற்றதால் பயணம் நின்றது. அவர் மனம் மாறியதால் நின்றது என்று சொல்ல நம்மிடம் சான்று இல்லை. அவரை நேசிப்பவர்கள் இதை மூடி மறைக்க வேண்டியதில்லை. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ் 1846-இல் அயர் நகருக்குச் சென்று பர்ன்ஸின் தங்கையைச் சந்தித்தார் என்பதும் இதே வரலாற்றில்தான் இருக்கிறது. தளைகளிலிருந்து விடுபட்ட ஒருவர் அந்தக் கவிதைகளில் தமக்கென ஏதோ ஒன்றைக் கண்டிருக்கிறார்.

அதை 1795-இல் பர்ன்ஸ் எழுதிய பாட்டில் நாமும் காணலாம். பதவி என்பது நாணயத்தின் மேல் குத்திய முத்திரைதான், தங்கம் மனிதன்தான் என்கிறது அது. 1999 ஜூலை 1 அன்று, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்காட்லாந்துக்கு மீண்டும் ஒரு நாடாளுமன்றம் அமைந்தபோது, அரசி எலிசபெத் முன்னிலையில் ஷீனா வெலிங்டன் பக்கவாத்தியம் எதுவுமின்றி அந்தப் பாட்டைப் பாடினார். கடைசிச் சரணத்தில் உறுப்பினர்களும் சேர்ந்துகொண்டார்கள். அது ஒலித்த மொழியைத்தான் உங்கள் கட்டுரை கொச்சை என்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஸ்காட்ஸ் பேசுவதாகப் பதிவு செய்தார்கள். 2025-இல் அந்த நாடாளுமன்றம் கேலிக்குக்கும் ஸ்காட்ஸுக்கும் அதிகாரபூர்வத் தகுதி தரும் சட்டத்தை நிறைவேற்றியது.

அடுத்த இதழில் அந்த ஒரு வரியைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பர்ன்ஸின் பாடல்களைத் தமிழில் தரும் எண்ணம் இருந்தால், ஆங்கில உரையிலிருந்து பெயர்க்காமல், ஸ்காட்ஸ் மூலத்தை அகராதியோடு வைத்துக்கொண்டு பெயர்க்கச் சொல்லுங்கள். ஓடையில் கால் அளைந்த அந்தச் சரணத்தை, இடம் போதவில்லை என்று வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை