நாகசாகில இருக்கிற மவனுக்கு

மக்கா,

நல்லா இருக்கியா? போன் எடுத்தா ரெண்டு வார்த்தை, உடனே வேலை இருக்கும்மான்னு வச்சிடுற. அன்னைக்கு வீடியோல பாத்தப்போ உன் கழுத்துல செயின் இல்ல. குளிக்கக் கழட்டிருப்பான்னு அக்கா சொன்னா, நானும் சரின்னு விட்டுட்டேன், நான் ஒண்ணும் கேக்கல.

நீ இருக்கிற ஊரு எப்பேர்ப்பட்ட ஊருன்னு யோசிச்சியா? நம்ம மணப்பாட்டு கெபில ஜெபம் பண்ண சவேரியார்தான் 1549ல ஜப்பான்ல ககோஷிமால போய் இறங்குனாரு. 1597ல உங்க நாகசாகிலயே 26 பேரை சிலுவைல அறைஞ்சாங்க, 1614ல நம்ம கிறிஸ்தவ வேதத்துக்கே தடை போட்டாச்சு. மாதா இல்லன்னா ஆண்டவர் உருவம் பதிச்ச தகட்டைத் தரையில போட்டு வருஷா வருஷம் மிதிக்கச் சொல்வாங்களாம். மிதிச்சுட்டு வீட்டுக்கு வந்து மனஸ்தாப மந்திரம் சொல்லி மன்னிப்பு கேட்டாங்களாம் பாவம், அத நினைச்சாலே எனக்குத் தொண்டை அடைக்குது. வீட்ல பிள்ளையக் கையில வச்சிருக்கிற கண்ணோன் சிலை இருக்கும், வெள்ளைப் பீங்கான்ல. சோதனை போட வர்றவனுக்கு அது புத்த சாமி, வீட்டுக்காரங்களுக்கு மாதா. சாமியாரே இல்லாம 200 வருஷத்துக்கு மேல ஓட்டிருக்காங்க மக்கா, ஊர்க்காரர் ஒருத்தரே தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுப்பாரு, இன்னொருத்தர் தவக்காலம் எப்பன்னு கணக்கு வச்சிருப்பாரு.

என்னைக்காவது சாமியார் வந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு அடையாளம் சொல்லி வச்சிருந்தாங்களாம். பாப்பரசருக்குக் கீழ்ப்படியணும், மாதாவ வணங்கணும், கல்யாணம் ஆகாதவரா இருக்கணும். 1865 மார்ச் 17, உங்க நாகசாகி ஓவுரா கோயில்ல பெத்தீஜான் சாமியார் இருக்கும்போது உரகாமி கிராமத்து ஆளுங்க கொஞ்சம் பேரு வந்தாங்க, ஒரு பொம்பள கிட்ட வந்து எங்க மனசும் உங்க மனசும் ஒண்ணுதான்னு மெதுவா சொல்லிட்டு மாதா சுரூபம் எங்கன்னு கேட்டாளாம். அதுக்கப்புறமும் நிம்மதி இல்ல, தடை நீங்காததால அந்த கிராமத்து ஜனம் 3,000 பேருக்கு மேல ஊரை விட்டே வெளியேத்தினாங்க, 1873லதான் திரும்ப விட்டாங்க.

உனக்கு அங்க யாரும் தடை போடல மக்கா. நீ அங்க வேலை வாங்குனப்போ பங்குச்சாமி பூசைல உன் பேரச் சொன்னாரு, அப்பா அன்னைக்குப் பூரா தெருவுல நிமிந்து நடந்தாரு. செயின் போடறதும் போடாததும் உன் இஷ்டம், பெரியவனாயிட்ட. பெரியம்மா வீட்டு விஷயம் மாதிரி ஆயிடக்கூடாதுன்னுதான் பயம், வேற ஒண்ணும் இல்ல. மனசுல ஏதாவது இருந்தா அப்பாகிட்ட சொல்லாட்டியும் என்கிட்ட சொல்லு, நான் திட்டமாட்டேன்.

ஞாயித்துக்கிழமை லீவுதான, ஓவுரா கோயிலுக்குப் போ, அந்த மாதா சுரூபம் இன்னும் உள்ளதான் இருக்கு. கட்டாயம் போ. வெளியில நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, கழுத்து வரைக்கும் தெரியட்டும். அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கு. ராத்திரி எந்நேரம் ஆனாலும் போன் பண்ணு, முழிச்சிருப்பேன்.

அம்மா